உடல் பருமன்: குடல் நுண்ணுயிரிகள் மீது பழி போட முடியுமா?

எர்ணாகுளம்: கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 38.1 சதவீதத்தினரும் ஆண்களில் 36.4 சதவீதத்தினரும் அதிக உடல் எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள் என்று, 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. 2015-16ஆம் ஆண்டின் முந்தைய ஆய்வில் இது பெண்களிடையே 32.4 சதவீதமாகவும் ஆண்களிடையே 28.5 சதவீதமாகவும் இருந்தது. அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் மோசம்: பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். தேசிய சராசரியோ முறையே 24 சதவீதமும் 22.9 சதவீதமும்தான்.

இந்த உயர்வுக்குக் குடலில் வாழும் நுண்ணுயிரிகளும் காரணமா என்ற கேள்வி, ஆய்வகங்களைத் தாண்டிச் சந்தைக்கு வந்துவிட்டது. மல மாதிரியைப் பரிசோதித்து உணவுத் திட்டம் வகுத்துத் தருவதாகவும், புரோபயாட்டிக் மாத்திரைகளால் எடையைக் குறைக்கலாம் என்றும் விளம்பரங்கள் கூறுகின்றன. இதற்கு அறிவியல் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது?

ஒரே ஊர், வெவ்வேறு சமையல்

எர்ணாகுளம் மாவட்டத்தின் மட்டாஞ்சேரியில், 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தையும் நறுமணப் பொருள் கிடங்குகளையும் சுற்றியுள்ள தெருக்களில் மலையாளிகளுடன் குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் எனப் பல சமூகத்தினர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஒரு வீட்டில் சப்பாத்தியும் பருப்பும், அடுத்த வீட்டில் சோறும் மீன் குழம்பும், அதற்கடுத்த வீட்டில் பிரியாணியும் வழக்கமான உணவாக இருக்கலாம்.

இத்தகைய உணவு வேறுபாடு குடலிலும் பிரதிபலிக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உள்ளது. போபாலில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், போபாலையும் கேரளத்தையும் சேர்ந்த ஆரோக்கியமான 110 பேரின் குடல் நுண்ணுயிரிகளை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2019ஆம் ஆண்டு 'கிகாசயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். பெரும்பாலும் தாவர உணவு உண்ணும் போபால் குழுவினரிடம் ப்ரீவோட்டெல்லா வகை பாக்டீரியாக்கள் மேலோங்கியிருந்தன. அரிசியுடன் இறைச்சியும் உண்ணும் கேரளக் குழுவினரிடம் பாக்டீராய்டிஸ், ரூமினோகாக்கஸ், ஃபீக்கலிபாக்டீரியம் ஆகியவை அதிகம் காணப்பட்டன. இந்த ஆய்வு உடல் பருமனைப் பற்றியது அல்ல. எனினும், மேலைநாட்டவரிடம் கண்டறிந்ததை இந்தியர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்பதை அது உணர்த்தியது.

எலிகள் சொன்ன உண்மை

உடல் பருமனுடன் நுண்ணுயிரிகளுக்குள்ள தொடர்பை வலுவாகக் காட்டியவை எலிகளிடம் நடந்த சோதனைகள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்டன் குழுவினர், இரட்டையரில் ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த இணைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களது குடல் நுண்ணுயிரிகளை, நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினர். பருமனானவரின் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகளின் உடலில் கொழுப்பு கூடியது. ஒல்லியானவரின் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகளிடம் அந்த அளவுக்குக் கூடவில்லை.

2013ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வின் அடுத்த பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் வைத்தபோது, ஒல்லியானவரின் நுண்ணுயிரிகள் மற்ற எலிகளின் குடலிலும் குடியேறிக் கொழுப்பு கூடுவதைத் தடுத்தன. ஆனால், கொழுப்பு குறைந்த, பழங்களும் காய்கறிகளும் நிறைந்த தீனி கொடுத்தபோது மட்டுமே இது நிகழ்ந்தது. தீனி மாறியதும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

மனிதர்களிடம் இத்தகைய முடிவு எட்டப்படவில்லை. ஒல்லியானவர்களின் குடல் நுண்ணுயிரிகளைப் பருமனானவர்களுக்கு மாற்றிய சோதனைகளில் குறிப்பிடத்தக்க எடைக் குறைவு ஏற்படவில்லை. பருமனானவர்களின் குடலில் இரண்டு பெரும் பாக்டீரியாப் பிரிவுகளின் விகிதம் மாறியிருக்கும் என்ற தொடக்கக்காலக் கருத்தும், பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது வலுவிழந்தது.

நார்ச்சத்தின் பங்கு

மனிதக் குடலால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் உள்ளிட்ட குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. இவை, பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் ஜிஎல்பி-1 ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுகின்றன. 2025 ஜூனில் இந்தியாவில் அறிமுகமான வெகோவி ஊசி மருந்தும் இதே ஹார்மோனைப் போலச் செயல்படுவதுதான். நார்ச்சத்தின் தூண்டுதல் மருந்துக்கு ஈடாகாது. ஆனால் அது அன்றாட உணவிலேயே கிடைக்கிறது. பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கறிகளும் பழங்களும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது.

கேரளத்தின் பழைய உணவான கஞ்சியும் பயறும், நேந்திரங்காய்க் கூட்டும், தவிடு நீக்காத மட்டை அரிசியும் இத்தகைய நார்ச்சத்தையும், எளிதில் செரிக்காத மாவுச்சத்தையும் தருபவை. ஆனால் பழைய உணவு என்பதாலேயே அளவின்றி உண்ணலாம் என்பதில்லை. சோறு குவிந்து பயறு குறைந்த தட்டு, பழையதாக இருந்தாலும் சமச்சீரானது அல்ல. இந்தியர்கள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே கிடைப்பதாக, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் வழிநடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2025ஆம் ஆண்டு சுட்டிக்காட்டியது.

வரியா, விலையா?

உடல் பருமனுக்கு எதிரான அரசு நடவடிக்கைகளில் கேரளம் முன்னோடி. 2016ஆம் ஆண்டு, பெயர்பெற்ற நிறுவனங்களின் உணவகங்களில் விற்கப்படும் பீட்சா, பர்கர் போன்றவற்றுக்கு 14.5 சதவீதக் 'கொழுப்பு வரி' விதிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜிஎஸ்டி வந்தபோது அது முடிவுக்கு வந்தது. பிரதமர் நரேந்திர மோடி 2025 பிப்ரவரியில் தமது வானொலி உரையில், சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு கேட்டுக்கொண்டு, இப்பிரசாரத்துக்கு நடிகர் மோகன்லால் உள்ளிட்ட 10 பேரை முன்மொழிந்தார்.

இவை இரண்டும் எதைக் குறைக்க வேண்டும் என்று கூறுபவை. எதைக் கூட்ட வேண்டும் என்பது விலையோடு தொடர்புடையது. கேரள அரசின் சப்ளைகோ நிறுவனம் மானிய விலையில் விற்கும் 13 பொருள்களில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, உளுந்து, துவரம்பருப்பு ஆகியவை அடங்கும். 2024 பிப்ரவரியில் இவற்றின் விலை உயர்த்தப்பட்டு, மானியம் சந்தை விலையில் 35 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரேஷனில் அரிசி எளிதில் கிடைக்க, பயறின் விலை ஏறினால், வருமானம் குறைந்த குடும்பத்தின் தட்டில் எது குறையும் என்பது வெளிப்படை.

குடல் நுண்ணுயிரிகள் உடல் பருமனுக்குத் தனிக் காரணமோ, தனி மருந்தோ அல்ல. உண்ணும் உணவுக்கேற்ப மாறுபவை. விலை உயர்ந்த பரிசோதனைகளையும் மாத்திரைகளையும் நாடும் முன், அன்றாட உணவில் பயறும் காய்கறியும் போதிய அளவு உள்ளனவா என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். அவை அனைவருக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு.