முள்முடிச் செடியும் சொல்லி விற்கும் கடமையும்

குன்றத்தூர் வட்டாரத்தில் வீடுகளின் அமைப்பு மாறி வருகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பலர் அடுக்குமாடிகளில் குடியிருக்கின்றனர். தோட்டமற்ற இல்லத்தில் சன்னலோரத் தொட்டியே தோட்டமாகிறது. அத்தகைய தொட்டிகளில் இன்று பெரிதும் விரும்பப்படுவது, நாற்றுப்பண்ணைகளில் ‘யூபோர்பியா’ என விற்கப்படும் முட்செடி. இயேசுபிரானின் முள்முடியை நினைவூட்டுவதால் அதற்கு முள்முடிச் செடி என்றும் பெயருண்டு. செடி வளர்த்து விற்கும் நம் அங்கத்தினர் சிலரும் இதனைப் பயிரிட முன்வந்துள்ளனர். அம்முயற்சியை வரவேற்கிறோம். ஆயினும் ஒரு நிபந்தனை கூற விரும்புகிறோம்: செடியைப் பற்றிய உண்மைகளைச் சொல்லியே அதனை விற்க வேண்டும்.

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. ரீயூனியன் தீவின் ஆளுநராயிருந்த மிலியஸ் பிரபு 1821ஆம் ஆண்டில் இதனைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றார். அவர் பெயரே இதன் தாவரவியற் பெயரில் நிலைத்தது. பின்னாளில் தாய்லாந்து நாட்டவர் பெரிய பூக்கள் தரும் கலப்பினங்களை உண்டாக்கினர். சிவப்பும் மஞ்சளுமாக நாம் இதழெனக் காண்பவை உண்மையில் பூவடிச் செதில்கள். மெய்யான பூக்கள் நடுவே மிகச் சிறியவையாக உள்ளன.

வளர்ப்பு முறை எளிது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரமேனும் வெயில் படும் கிழக்கு அல்லது தெற்குச் சன்னல் உகந்தது. வெயிலில்லாத அறையில் செடி உயிரோடிருக்கும், பூக்காது. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். மேல்மண் ஓரங்குல ஆழம் உலர்ந்த பின்னரே நீர் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் குறைவாகப் போதும். இச்செடியை வறட்சி கொல்வதினும் நம் அன்பு மிகுதியாகக் கொல்கிறது. தினமும் நீர் வார்த்தால் வேர் அழுகிவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இது நம் வேலியோரச் சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றின் இனத்தது. தண்டை ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பெருந்துன்பம் விளையும், உட்கொள்வதும் தீங்கு. கள்ளிப்பால் என்றால் நம் ஊரில் எவரும் எச்சரிக்கை கொள்வர். யூபோர்பியா என்றால் ஒருவரும் கொள்வதில்லை. பெயர் புதிதேயன்றிப் பால் பழையதே! எனவே கிளை வெட்டுவோர் கையுறை அணிதல் அவசியம். வெட்டிய கிளையைத் தண்ணீரில் நனைத்துப் பால் நின்றபின், நிழலில் சில நாள் காயவைத்து நட வேண்டும். தோலில் பட்ட பாலைச் சோப்பிட்டுக் கழுவுக. கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி உடனே மருத்துவரை நாடுக. தவழும் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத உயரத்திலேயே தொட்டி இருக்கட்டும்.

நெசவாளர் இல்லங்களுக்குத் தனியே ஒரு சொல். தறிக்கு வெளிச்சம் தரும் சன்னலே இச்செடிக்கும் உகந்ததெனத் தோன்றும், அங்கே வைக்கலாகாது. ஒரு முள் பட்டுப் பாவில் சிக்கினால் பல நாள் உழைப்பு பாழாகும்.

“தீங்குடையதென்று சொன்னால் யார் வாங்குவர்?” என வளர்ப்போர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சொல்லாமல் விற்ற செடி நீர் மிகுந்து அழுகினாலோ, ஒரு குழந்தையின் கண்ணைத் துன்புறுத்தினாலோ, அவ்வில்லத்தார் மீண்டும் நம்மிடம் வருவரா? 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் கூட்டுறவுக் கடை தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற பொருளும் சரியான எடையுமே அக்கடைக்கு நற்பெயர் தந்தன. செடி விற்பனையில் சரியான எடைக்கு ஈடானது சரியான தகவலே.

ஆகவே, ஒவ்வொரு தொட்டியுடனும் ஒரு சிறு தமிழ்ச் சீட்டு தரப்பட வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். வெயில் எவ்வளவு, நீர் எப்போது, பால் பட்டால் செய்வதென்ன என்ற மூன்று செய்திகள் அதில் இருந்தால் போதும். அச்சுக் கூலி சிறிது. அதனால் விளையும் நம்பிக்கையோ பெரிது. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து முடிவு செய்வார்களாக.