பெற்றவர்கள் மேல் போட்ட பழி

"வயசக் கூட்டிப் போட்டு அனுப்பின பெத்ததுகளச் சொல்லணும்." மூதூரிலிருந்து சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்கே மரண தண்டனைக்கு ஆளான ரிசானா நபீக்கின் பேச்சு எங்கே எழுந்தாலும் கடைசியில் இந்த வசனத்தில் வந்துதான் நிற்கிறது. மூதூர் ஜெட்டியடியில் கேட்டிருக்கிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் கட்டைபறிச்சானிலும் கேட்கிறேன். கொழும்பில் படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார்கள்: வறுமை, அறியாமை, பேராசை. அத்தோடு ஒரு குடும்பத்தின் மீதான வழக்கு முடிந்துவிடுகிறது, சொன்னவருக்கும் மனம் ஆறிவிடுகிறது. இந்தப் பேச்சு பொய் என்பது என் முதல் குற்றச்சாட்டு. பதில் சொல்ல வேண்டியவர்களை இது ஒளித்துவைக்கிறது என்பது அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு.

ரிசானாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த திகதி 1988 பெப்ரவரி 4. அவர் கையில் கொடுத்தனுப்பிய கடவுச்சீட்டில் இருந்தது 1982 பெப்ரவரி 2. 2005 மே மாதம் சவூதி அரேபியாவில் இறங்கியபோது அவருக்கு உண்மையில் 17 வயது. கடவுச்சீட்டின்படி 23. நடுவில் இருக்கும் ஆறு வருடத்தை யார் சேர்த்தார்கள்?

விறகு வெட்டிப் பிழைத்த குடும்பம் அது. அப்போது மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போவதென்றாலே லோஞ்சைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கொட்டியாரக் குடாவைக் கடந்து, பிறகு கொழும்புக்கு பஸ் பிடித்து, எந்தக் கந்தோரில் எந்தப் படிவத்தை யாரிடம் நீட்டினால் 17 வயது 23 ஆகும் என்பது காட்டில் கத்தி பிடித்த கைக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். ஊருக்குள் வந்து எந்த வீட்டில் குமர்ப்பிள்ளை இருக்கிறாள், எந்த வீட்டில் கூரை ஒழுகுகிறது, எந்த வீட்டில் கடன் என்று விசாரித்துப் போகிற சப் ஏஜென்ட். அவருக்குப் பின்னால் கொழும்பில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற ஏஜென்சி. ஒரு பெண்ணை அனுப்பினால் அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு வருகிறது. ஒவ்வொரு தலைக்கும் வயது சரியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வயதைச் சரியாக்குவது அவர்களுடைய தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது.

ஏஜென்ட் மட்டுமா? அந்தக் கடவுச்சீட்டு அச்சாகி வெளியே வர ஒரு திணைக்களம் இருந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று ஓர் அரச நிறுவனம் 1985 முதல் இயங்குகிறது. வீசா கொடுக்க ஒரு தூதரகம், கட்டுநாயக்கவில் முத்திரை குத்த ஓர் உத்தியோகத்தர். மேசைக்கு மேசை அந்தப் பிள்ளையின் முகம் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்து முகம் அது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்றால், சந்தேகப்படாமல் இருக்க அவர்கள் பழகியிருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

பெற்றவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். 2004 டிசம்பரில் சுனாமி இந்தக் கரையை அடித்துப் போனது. யுத்தம் ஓய்ந்த மாதிரி இருந்து மறுபடியும் முறுகத் தொடங்கிய காலம். அந்த நிலையில் வாசலுக்கு வந்த ஒருவன், "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு வருசத்தில் கல்வீடு கட்டலாம்" என்று சொன்னதை நம்பியது ஒரு குற்றமென்றால், அதையே தொழிலாகச் செய்து சம்பாதித்தவனின் குற்றத்துக்கு என்ன பெயர்? தெரிந்தும் முத்திரை குத்திய அரசாங்கத்தின் குற்றத்துக்கு என்ன பெயர்? மூன்றையும் ஒரே தராசில் வைப்பதே அநியாயம். நாமோ முதலாவதை மட்டும் தராசில் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிட்டோம்.

பேராசை என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகள் கொல்லப்பட்டபின் சவூதியிலிருந்து வரும் உதவி எதுவும் தனக்கு வேண்டாம் என்று அந்தத் தாய் மறுத்துவிட்டார். பத்திரிகைகளில் வந்த செய்தி அது. அதைப் படித்த பிறகும் அந்தச் சொல் எப்படி வாயில் வருகிறது?

வீட்டு வேலைக்கென்று போன பிள்ளையிடம் நான்கு மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. மே 22 அன்று குழந்தை இறந்தது. புட்டியில் பால் கொடுக்கும்போது புரையேறியது என்றார் ரிசானா. கழுத்தை நெரித்தார் என்றது குற்றச்சாட்டு. விசாரணையிலும் முதல் வழக்கிலும் அவருக்காகப் பேச ஒரு சட்டத்தரணி இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளையின் வாக்குமூலத்தை அரபிக்கு மாற்றியவருக்கு அந்த வேலைக்கான தகுதி இருந்ததா என்பது பின்னால் பெரிய கேள்வியாக எழுந்தது. பயமுறுத்தி வாங்கிய வாக்குமூலம் என்று ரிசானா அதை மறுத்தார். 2007 ஜூன் 16 அன்று சவூதியின் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டுக்கான சட்டத்தரணிக் கட்டணத்தைத் திரட்டியது ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. அவர் அனுப்பும் றியாலை எதிர்பார்த்த நம்முடைய அரசாங்கம் அல்ல. 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்படும்வரை, ஏறக்குறைய முழு இளமையையும் அவர் சவூதிச் சிறையில்தான் கழித்தார். 18 வயதுக்குக் கீழே செய்த எந்தக் குற்றத்துக்கும் மரண தண்டனை கூடாது என்கிற சிறுவர் உரிமைச் சாசனத்தை சவூதி 1996-இல் ஏற்றிருந்தது. ஆனாலும் கடைசிவரை அவர்கள் காட்டியது கடவுச்சீட்டு வயதைத்தான். கொழும்பில் போட்ட பொய், தவாத்மியில் கழுத்துக்கு வந்தது.

கடல் கடந்த சிறை நம் பெண்களுக்குப் புதியதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்துக் கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேற்றினார்கள். 1858 முதல் அந்தமான். அந்தமான் என்றால் நமக்கு செல்லுலார் சிறையும் அரசியல் கைதிகளும்தான் ஞாபகம் வரும். பெண்களும் அங்கே போனார்கள். அவர்களில் பலர் பச்சைக் குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பானவர்கள். விதவைக்கு மறுமணம் கூடாதென்று விதித்த ஊர் கூண்டில் ஏறவில்லை, பிள்ளையைக் கொடுத்துவிட்டு நழுவிய ஆணும் ஏறவில்லை. தீவுக்குப் போன பின்பும் அந்தப் பெண்களை ஆண் கைதிகளுக்குக் கட்டிவைத்துக் குடியேற்றத்தைப் பெருக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தீர்ப்புக்குப் பிறகு கப்பல் வந்தது. ரிசானாவுக்குப் பயணத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. ஒரு குழந்தை செத்தால் பக்கத்தில் நிற்கிற ஏழைப் பெண்ணைப் பிடி, அவளும் போனபின் அவளைப் பெற்றவளைப் பிடி என்கிற புத்தி அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது.

ரிசானா செத்தபின் நம்முடைய அரசாங்கம் என்ன செய்தது? நாடாளுமன்றம் ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. தூதுவரைத் திருப்பி அழைத்தார்கள். பிறகு பெண்களுக்கு வயதெல்லை போட்டார்கள்: சவூதிக்கு 25, மற்ற மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23. சிறுபிள்ளைகளின் தாய்மார் போகக்கூடாதென்று அந்த வருடமே இன்னொரு கட்டுப்பாடும் வந்தது. பொய் வயதால் வந்த சாவுக்கு வயதெல்லையை உயர்த்துவது என்ன மருந்து? எல்லை உயர உயரப் பொய்யின் விலைதான் உயரும். 2022-இல் நாட்டில் டொலர் தீர்ந்தபோது அதே அமைச்சரவை நாற்காலிகளிலிருந்து எல்லா நாட்டுக்கும் 21 போதும் என்று தீர்மானம் வந்தது. பெண்ணின் பாதுகாப்புக்கென்று சொன்ன எண், பணம் தேவைப்பட்டதும் இறங்கிவிட்டது.

இது முஸ்லிம் பகுதிப் பிரச்சினை என்று எங்கள் தமிழ்ப் பக்கத்தில் ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. சேனையூரிலிருந்தும் கட்டைபறிச்சானிலிருந்தும் கிளிவெட்டியிலிருந்தும் பெண்கள் போகவில்லையா? 2006-இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஊர் முகாமிலும் மணற்சேனை, பட்டித்திடல் முகாம்களிலும் வருடக்கணக்காகக் கிடந்த குடும்பங்களிலிருந்து போகவில்லையா? சப் ஏஜென்ட் பாலம் கடக்கும்போது யாருடைய மதத்தையும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: வேலைவாய்ப்புப் பணியகம் ஒவ்வொரு பெண்ணின் பிறப்புத் திகதியையும் ஏஜென்சி கொடுக்கும் பிரதியில் பார்க்காமல், பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் நேரே சரிபார்க்க வேண்டும். பொய் பிடிபட்டால் ஏஜென்சியின் அனுமதிப்பத்திரம் போக வேண்டும். அங்கே ஒரு பெண் கைதானால், முதல் வாக்குமூலம் எழுதப்படும் முன் தமிழோ சிங்களமோ தெரிந்த ஒரு தூதரக அலுவலர் பக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் நடக்காத காரியமில்லை. நடக்காமல் இருப்பதற்கு நம்முடைய அந்த ஒற்றை வசனமும் ஒரு காரணம். இனி யாராவது என் முன்னால் "பெத்ததுகளச் சொல்லணும்" என்று தொடங்கினால், அந்தப் பாஸ்போட்டை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்பேன். பதில் வரும்வரை கேட்பேன்.