ஊதா நிறம் வெளுத்தால் நோய் தீருமா?

வேலூரிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிறது கணியம்பாடி. அந்தப் பக்கம்தான் ஜவ்வாது மலையின் அமிர்திக் காடு. கடுக்காய், நெல்லி, சீந்தில், சேராங்கொட்டை என்று இந்த மலையின் செடிகொடிகளைச் சோதித்துப் பார்த்த ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் காட்டி, “ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, அழற்சியைத் தடுக்கிறது, மூலிகை நோய் தீர்க்கும் என்று அறிவியலே நிரூபித்துவிட்டது” என்கிறார்கள். மூலிகை மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதனாலேயே இந்தப் பேச்சை மறுக்கிறேன்.

முதலில், நிரூபணம் எனப்படுவது எது? ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனையில் பயன்படும் டிபிபிஹெச் என்பது ஊதா நிற ரசாயனம். மூலிகைச் சாற்றைச் சேர்த்தால் அது மஞ்சளாக வெளுக்கும். பாதி நிறத்தைப் போக்க எவ்வளவு குறைவான சாறு போதுமோ, அவ்வளவு வீரியம் என்று கணக்கு. டீக்கடை டிகாக்‌ஷனை ஊற்றினாலும் நிறம் வெளுக்கத்தான் செய்யும். அழற்சிக்கு வழக்கமாகச் செய்யும் எளிய சோதனையில் அல்புமின் புரதத்தைச் சூடாக்குவார்கள். அது கலங்காமல் சாறு எவ்வளவு காக்கிறது என்று டைக்ளோஃபெனாக் என்ற அழற்சி மருந்தோடு ஒப்பிடுவார்கள். வீங்கிய முழங்காலுக்குள் நடப்பது அந்தச் சோதனைக் குழாய்க்குள் இல்லை. குடித்த சாறு குடலையும் கல்லீரலையும் கடந்து, உருமாறி, சொற்ப அளவில்தான் ரத்தத்தை அடையும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு சேர்ந்தாலும் நல்லதுதானே என்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. உணவுப் பொருள்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவுப் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. அந்த எண்கள் மனித உடல்நலத்தைச் சொல்வதில்லை என்பதுதான் காரணம்.

மூலிகையிலிருந்து மருந்து கண்டு 2015இல் நோபல் பரிசு பெற்ற சீனத்து தூ யூயூவின் கதை இங்கே முக்கியம். அவர் கண்ட ஆர்டிமிசினின் மலேரியாக் கிருமியைக் கொல்வது எப்படி? அதிலுள்ள பெராக்சைடு பிணைப்பு இரும்போடு வினைபுரிந்து ஃப்ரீ ரேடிக்கல்களை உண்டாக்குகிறது. அவற்றை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் செய்யும் வேலைக்கு நேர் எதிர்! நிறம் வெளுக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் அந்த மருந்தைக் கைநழுவ விட்டிருப்போம். கொதிக்கவைத்தால் அதன் வீரியம் கெடக்கூடும் என்ற யோசனையும் அவருக்குப் பழைய வைத்திய நூல் ஒன்றைப் படித்தபோது எழுந்ததுதான்.

“பாட்டி வைத்தியம் உறுதியாகிவிட்டது” என்பதும் சரியில்லை. பாட்டி தண்ணீரில் போட்டு எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சினாள். பெரும்பாலான ஆய்வகங்கள் மெத்தனாலில் ஊறவைக்கின்றன. பிரிந்து வருகிற சத்தே வேறு. மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானம், பத்தியம் எதுவும் அங்கே கணக்கில் இல்லை.

இயற்கையானது தீங்கு செய்யாது என்கிற வாதத்துக்குச் சேராங்கொட்டையே பதில். அதன் சாறு குழாய்ச் சோதனையில் நன்றாகவே தேறும். தோலில் பட்டாலோ கொப்புளம். சித்த மருத்துவம் அதைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. ஒடுவன் தழை கொடிய நஞ்சு. அது சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குவதைப் பற்றி வேலூர் சிஎம்சி மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் குழாய்ச் சோதனை வீணா? இல்லை. அது சல்லடை. நூறு செடிகளில் எதை மேலே கொண்டுபோகலாம் என்று யோசிக்க உதவும். அதற்குப் பிறகு அளவு, நச்சுத்தன்மை, விலங்கு ஆய்வு, மனிதர்களிடம் முறையான சோதனை என்று நீண்ட வழி இருக்கிறது. அந்த வழியில் போகாமல் பாட்டிலில் ஒட்ட லேபிள் அச்சடிப்பது மூலிகைக்கும் நோயாளிக்கும் செய்கிற அநீதி.

ஜவ்வாது மலையில் இலை பறிக்கப் போகும் ஆய்வு மாணவர்கள் அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களிடம் செடியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு இறங்கிவிட வேண்டாம். எந்த மாதம் பறிப்பீர்கள், எதில் காய்ச்சுவீர்கள், எத்தனை நாள் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்கவே மாட்டீர்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.