வெள்ளாட்டுக்கு 60, செம்மறிக்கு 54... மீதி 6 எங்கே போச்சு?

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிலில் பழுத்தவர்களுக்கு லேப் எல்லாம் வேண்டாம். தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இறுக்கமாக இருந்தால் வெள்ளாடு, மெத்தென்று இருந்தால் செம்மறி.

செல்லுக்குள் பார்த்தாலும் இரண்டும் வேறுதான். வெள்ளாட்டுக்குக் குரோமோசோம்கள் 60, செம்மறிக்கு 54. அந்த 6 தொலைந்துவிட்டதா என்றால், இல்லை... ஒட்டிக்கொண்டுவிட்டன! வெள்ளாட்டில் தனித்தனியாக இருக்கும் ஆறு ஜோடிகள், செம்மறியின் மூதாதையரிடம் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று நீளமான ஜோடிகளாகிவிட்டன. பசுவுக்கும் 60தான். நம்மூர் எருமைக்கு 50. அங்கே இதுபோல ஐந்து ஒட்டல்கள். ஜீன்கள் பெரும்பாலும் அதேதான், அடுக்கியிருக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

ஒட்டல்களை மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம். ஆனால், ஒரே குரோமோசோமுக்குள் சின்னத் துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருந்தால்? அதற்குத்தான் கம்ப்யூட்டர். ஜீன்களுக்கு வரிசையாக 1, 2, 3, 4, 5 என்று நம்பர் கொடுப்பார்கள். இன்னொரு உயிரினத்தில் அதுவே 1, 4, 3, 2, 5 என்று இருந்தால், நடுத்துண்டு ஒருமுறை புரண்டிருக்கிறது என்று அர்த்தம். இது ஐந்து நம்பர். ஆயிரக்கணக்கில் இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்று வரக் குறைந்தது எத்தனை புரட்டல் தேவை என்று கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. ஸ்ரீதர் ஹன்னன்ஹள்ளி, பாவெல் பெவ்ஸ்னர் இருவரும் 1995-ல் அதற்கு வேகமான கணக்குமுறை ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே முட்டைக்கோஸ், டர்னிப்பாக மாறியது! குறைவான புரட்டல், நெருங்கிய சொந்தம். கணக்கின் அடிப்படை அவ்வளவுதான்.

லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? மாடு வைத்திருப்பவர்களுக்கு இது இன்றைய கதை. பசு இனத்தில் 1-ம் நம்பர் குரோமோசோமும் 29-ம் நம்பரும் ஒட்டிக்கொள்வதை 1964-ல் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள். பிறகு பல நாட்டு மாடுகளிலும் அது தென்பட்டது. அந்த மாடு பார்க்க ஜம்மென்று இருக்கும். ஆனால், அதன் விந்திலும் கருமுட்டையிலும் சிலவற்றில் ஒரு குரோமோசோம் கூடவோ குறையவோ போய்விடும். அப்படி உருவாகும் கரு ஆரம்பத்திலேயே அழிந்துவிடும். ஊசி போட்ட பசு திரும்பவும் பருவத்துக்கு வந்து நிற்கும். கன்றும் இல்லை, பாலும் இல்லை, தீவனச் செலவு மட்டும் மிச்சம். கடைசியில் அடிமாட்டு விலைக்குப் போகும்.

சினை நிற்காத எல்லா மாட்டுக்கும் இதுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். தீவனக் குறைவு, கர்ப்பப்பை நோய், தப்பான நேரத்தில் போட்ட ஊசி இவற்றையெல்லாம் கால்நடை மருத்துவர் முதலில் பார்ப்பார். ஆனால், கோளாறு காளையிடம் இருந்தால் சேதம் ஒரு தொழுவத்தோடு நிற்காது. ஒரு காளையின் உறைவிந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போகிறதே! அதனால்தான் விந்து சேகரிப்புக்கு எடுக்கும் காளைகளுக்குக் குரோமோசோம் சோதனை. கொஞ்சம் ரத்தம் எடுத்து எண்ணிப் பார்ப்பார்கள். ஒட்டல் இருந்தால், 60-க்குப் பதில் 59 வரும்.