கதகதப்புக்கு விலை மூச்சா?

'கேரவன்' என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே இளைப்பாறும் வண்டிதான். மேல்நாட்டில் அது குடும்பஸ்தனின் வண்டி. காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு மனைவி மக்களோடு ஊர் சுற்றப் புறப்பட்டுவிடுகிறான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

இந்த ஆசை நேற்று முளைத்ததல்ல. 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், இரண்டு குதிரைகள் இழுக்கும் சொகுசு வண்டி ஒன்றைச் செய்வித்து, 'வாண்டரர்' என்று பெயரும் சூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து வடகோடியில் உள்ள இன்வர்னெஸ் வரை உல்லாசமாகப் பிரயாணம் செய்தார். 1907-ல் பிரிட்டனில் கேரவன் பிரயாணிகளுக்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டுவிட்டது.

டாக்டர் புறப்பட்டதோ கோடைகாலம். இன்று இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரியிலும் விடுவதில்லை. கூட்டம் இல்லை, சந்தடி இல்லை, மலை முழுவதும் வெண்பனி! ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் குளிர் விளையாட்டல்ல. அங்கே பிரேமார் என்ற ஊரில் 1982 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 27.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. கேரவனின் சுவரோ ஏறக்குறைய ஓர் அங்குல கனம்தான். அதற்குள் இரவைக் கழிப்பது எப்படி?

பலருக்குத் தோன்றும் முதல் யோசனை, இருக்கிற இண்டு இடுக்குகளையெல்லாம் அடைத்துவிடுவது. தரையில் உள்ள துவாரத்தின் மேல் கம்பளத்தை விரிப்பார்கள். கூரைத் துவாரத்தில் பழந்துணியைத் திணிப்பார்கள். 'இனிமேல் குளிர் எப்படி வரும், பார்க்கலாம்!' என்று திருப்தியோடு படுப்பார்கள். இதைப்போன்ற விபரீதமான யோசனை வேறில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஈரமே முதல் எதிரி

குளிர்காலக் கேரவனில் மனிதனை நடுங்க வைப்பது குளிர் மட்டுமல்ல, ஈரமும்தான். நாலு பேர் ஓர் இரவு தூங்கி எழுந்தால், அவர்களுடைய மூச்சிலும் வியர்வையிலும் மட்டுமே சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிப்படும். அந்த ஆவி போக வழியில்லாவிட்டால் எங்கே போகும்? ஜன்னலில் முத்து முத்தாகக் கோக்கும். மெத்தையின் அடியில் ஊறும். ஈரக் கம்பளி எத்தனை தடிமனாக இருந்தாலும் உடம்புக்குச் சூடு தராது என்பது மழையில் நனைந்தவர்களுக்குத் தெரியும்.

'அதற்கென்ன, காஸ் அடுப்பைப் பற்றவைத்தால் ஈரம் காய்ந்துவிடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. காயாது, கூடும்! ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. சூடு வேண்டும் என்று அடுப்பை எரிப்பவர், தம்மை அறியாமலேயே வீட்டுக்குள் தண்ணீர் தெளிக்கிறார்.

ஆகவே, சமைக்கும்போது பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும். கூரை ஜன்னலைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். நனைந்த மேலங்கிகளைப் படுக்கைப் பக்கம் போடாமல் குளியலறையில் தொங்கவிட வேண்டும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட விரல் நுழையும் இடைவெளி விட வேண்டும். இவை காசு செலவில்லாத காரியங்கள்.

எந்தக் காஸ்?

காஸிலும் தினுசு உண்டு. கோடையில் நன்றாக எரியும் பியூட்டேன், பூஜ்யம் டிகிரியை நெருங்கியதும் சிலிண்டருக்குள் ஆவியாக மாறாமல் திரவமாகவே உட்கார்ந்துவிடும். சிலிண்டர் கனக்கும், அடுப்பு எரியாது. புரொப்பேன் அப்படியல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரை அது ஆவியாகும். குளிர்காலப் பிரயாணிக்கு அதுவே உற்ற துணை.

அந்தக் காஸை எரிக்க வேண்டிய இடம் சமையல் அடுப்பு அல்ல. வண்டியோடு பொருத்தப்பட்ட கணப்பு. இன்றைய கேரவன் கணப்புகள், எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளுகின்றன. அறைக்குள் வருவது சூடு மட்டும். உயர்தரக் கேரவன்களுக்கு ஐரோப்பாவில் ஒரு பரீட்சையே இருக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி இருக்கும்போது, 4 மணி நேரத்துக்குள் உள்ளே 20 டிகிரி சூடு வர வேண்டும். வந்தால்தான் முதல்தரச் சான்று.

இதோடு பாட்டி காலத்து வெந்நீர்ப் பை ஒன்று, கம்பளிக் காலுறை, குல்லாய், ஜன்னலுக்குக் கனத்த திரை இருந்தால் போதும். கணப்பை ஒரேயடியாக முடுக்கிவிட்டுப் பிறகு அணைப்பதைக் காட்டிலும், சிறிய அளவில் இரவெல்லாம் ஓடவிடுவது மேல். கூரையில் உள்ள புகைபோக்கியைப் பனி மூடிவிடாமல் அவ்வப்போது தள்ளிவிடவும் மறக்கக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இனி, அந்தத் துவாரங்களுக்கு வருவோம். தரையில் இருக்கும் துவாரம் வண்டி செய்தவன் மறந்துபோய் விட்ட ஓட்டை அல்ல. காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். அது வெளியேறுவதற்காகவே அந்த வழி. கூரைத் துவாரம், உள்ளே கெட்டுப்போன காற்று மேலே போவதற்கு. இரண்டையும் அடைத்துவிட்டு அடுப்பை எரித்தால், பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அசதி. 'பிரயாணக் களைப்பு' என்று நினைத்துப் படுப்பவர், எழுந்திருப்பதில்லை.

இரவு இறைச்சி வாட்டிய கரியடுப்பில் தணல் மிச்சமிருக்கிறதே, வீணாக்குவானேன் என்று அதைக் கேரவனுக்குள்ளோ பக்கத்துக் கூடாரத்துக்குள்ளோ தூக்கி வைத்து உயிர் இழந்தவர்கள் பலர். ஜுவாலை அடங்கிய கரியும் மணிக்கணக்கில் விஷத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் சீமையில் நடக்கிற சங்கதி என்று இருந்துவிட வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தில், வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தரையில் இருந்த ஓர் இடைவெளி வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. அப்படியானால் ஓட்டையை அடைப்பதுதானே சரி என்று சிலர் வாதிக்கலாம். பாதுகாப்புக்காக வைத்த துவாரம் வேறு. தப்பாக விழுந்த இடைவெளி வேறு. தூங்கும் இடத்துக்கு அடியில் எஞ்சினை ஓடவிடக்கூடாது என்பதே அந்தச் சாவுகள் சொல்லும் பாடம்.

கண்ணும் மூக்கும் ஏமாறுகிற இடத்தில் ஒரே ஒரு துணைதான் உண்டு. அது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி. கேரவனுக்கும் படகுக்கும் என்றே தனியாகச் செய்யப்பட்டவை கடைகளில் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், காஸ் கணப்பு போன்ற சாதனம் பொருத்திய வாடகை வீட்டு அறைகளில் இந்த மணி இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சக்கரத்தின் மேல் நிற்கும் வாடகை வீட்டுக்கு மட்டும் வேறு நியாயமா? கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குத் திட்டம் அறிவித்துவிட்டது. மூணாறு போன்ற மலைகளில் குளிரும் உண்டு. மெத்தையையும் டெலிவிஷனையும் காட்டி வாடகை கேட்பவர்கள், சாவியைக் கொடுக்கும் முன்பு மணியையும் அடித்துக் காட்டட்டும். காட்டாதவரிடம் வண்டி எடுக்க மாட்டோம் என்று நாமும் சொல்ல வேண்டும்.

துவாரம் வழியாகச் சூடு போகிறதே, காஸ் செலவாகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போகிற சூட்டைத் திரும்பவும் உண்டாக்கிக்கொள்ளலாம். இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம். மூச்சுக்கு மாற்று எந்தக் கடையிலும் விற்பதில்லை.