நூறு கோடி டன் போதுமா?

2020 அக்டோபர் 12, திங்கள்கிழமை காலை 10 மணியளவில் மும்பை மாநகரம் ஸ்தம்பித்தது. புறநகர் மின்சார ரயில்கள் நடுவழியில் நின்றன. மாவரைக்கும் கிரைண்டர் முதல் தோல் தைக்கும் இயந்திரம் வரை மின்சாரத்தை நம்பியே அன்றாடக் கூலி ஈட்டும் தாராவிக்கு மின்தடை என்பது வெறும் அசௌகரியம் அல்ல, வருமான இழப்பு.

அன்று பழுது ஏற்பட்டது நகருக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் உயரழுத்தப் பாதைகளில். அத்தகைய நேரத்தில் மும்பையைத் தனியே பிரித்து, உள்ளூர் மின் உற்பத்தியைக் கொண்டு காப்பாற்ற வேண்டிய ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. செம்பூரை அடுத்த டிராம்பே அனல்மின் நிலையத்தின் தேவையை இதைவிடத் தெளிவாக உணர்த்திய நாள் வேறில்லை. ஆனால், அந்த நிலையம் எரிப்பது நம் நாட்டு நிலக்கரியை அல்ல. சாம்பலும் கந்தகமும் குறைந்த இந்தோனேசிய நிலக்கரி அங்கே கடல்வழியே வந்து சேர்கிறது. 2022 ஜனவரியில் இந்தோனேசிய அரசு நிலக்கரி ஏற்றுமதிக்குத் திடீரெனத் தடை விதித்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

2024-25 நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. பாராட்டுக்குரிய சாதனைதான். ஆனால், அதே ஆண்டில் சுமார் 24 கோடி டன் இறக்குமதி செய்யப்பட்டது. உருக்காலைகளுக்குத் தேவையான தரமான நிலக்கரி இங்கே போதிய அளவு இல்லை என்பது ஒரு காரணம். நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம் என்பது மற்றொரு காரணம்.

நாட்டின் மின் உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் நிலக்கரியைச் சார்ந்திருக்கிறது. சூரிய மின்சாரம் பெருகிவந்தாலும், பொழுது சாய்ந்த பின் விளக்கெரிய இன்றும் பெரும்பாலும் நிலக்கரியே துணை. எனவே, எத்தனை டன் வெட்டினோம் என்பதைவிட, வெட்டியது உரிய நேரத்தில் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே முக்கியம். 2021 அக்டோபரில் அனல்மின் நிலையங்களின் சராசரி இருப்பு நான்கு நாள்களுக்கே போதுமானதாக இருந்தது. 2022 கோடையில் நிலக்கரி வண்டிகளுக்கு வழிவிட, பயணிகள் ரயில்கள் ரத்து செய்யப்பட்டன.

நாடாளுமன்றத்தில் நிலக்கரி பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் உற்பத்திப் புள்ளிவிவரங்களே பதிலாகப் படிக்கப்படுகின்றன. நிலக்கரியைக் கழுவித் தரம் உயர்த்தும் ஆலைகள் எத்தனை, சுரங்கங்களுக்கான ரயில் பாதைப் பணிகள் எந்த நிலையில் உள்ளன, மழைக்காலத்துக்கு முன் இருப்பு எவ்வளவு என்று உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் கேட்க வேண்டும். 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி உருவான மாவட்டக் கனிம நிதி, நூறாண்டுக்கும் மேலாக நிலத்தடித் தீ எரியும் ஜரியா போன்ற சுரங்கப் பகுதி மக்களுக்கு முழுமையாகச் சென்றடைகிறதா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

சுரங்கத்தை ஒட்டி வாழ்பவருக்கு நிலம் போகிறது. அனல்மின் நிலையத்தை ஒட்டி வாழ்பவருக்குக் காற்று கெடுகிறது. அவர்கள் தரும் விலைக்கு ஈடாகத் தடையற்ற மின்சாரமாவது நாட்டுக்குக் கிடைத்தாக வேண்டும். தாராவியில் இயந்திரங்கள் நிற்காமல் ஓடுவதுதான் எரிசக்திப் பாதுகாப்பின் அளவுகோலே தவிர, டன் கணக்கு அல்ல!