கோமாளி அயிரையும் நம் கடமையும்

(இளங்கலை விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகள் பலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் காணலாம். வில்லிவாக்கம் நிலையத்தில் இறங்கினால் கொளத்தூர் வண்ணமீன் கடைகள் தொலைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் பையில் மீனை ஏந்திக்கொண்டு மின்ரயில் ஏறுவோர் பலர். அவர்களுள் நானும் ஒருவன். மீன் வளர்ப்பு நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் எந்த மீனுக்கு என்ன தேவை என்று அறியாமல் வளர்த்தால் அது பொழுதுபோக்கு அன்று. சிறைவைத்துக் கொல்வதே ஆகும். இதைப் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. மூன்று உயிர்களைக் கொன்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த மீனைக் கடைகளில் ‘கிளவுன் லோச்’ என்பார்கள். ஆரஞ்சு நிற உடல், அதில் மூன்று கறுப்புப் பட்டைகள், சிவந்த துடுப்புகள், வாயோரம் சிறு மீசை. விலங்கியலில் அதன் பெயர் குரோமோபோட்டியா மேக்ரகாந்தஸ். நம் வாய்க்கால்களில் வாழும் அயிரைக்கு அது தூரத்து உறவு. எனவே நான் அதற்குக் ‘கோமாளி அயிரை’ என்று பெயர் சூட்டிக்கொண்டேன். தொண்டித் துறையின் அயிரைக்கு ஏங்கும் முதிய நாரையைப் பரணர் குறுந்தொகையில் பாடியுள்ளார். கோமாளி அயிரையின் தாயகமோ கடல் கடந்த சுமத்திராவும் போர்னியோவும். 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற ஸ்ரீவிசய நாட்டின் ஆறுகளில் வாழும் மீன் அது.

2023 நவம்பரில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, விரல் நீளத்தில் மூன்று மீன்களை வாங்கிவந்து இரண்டடித் தொட்டியில் விட்டேன். முதல் வாரம் ஒரு நாள், “டேய், உன் மீன் செத்துப்போச்சுடா!” என்று அம்மா குரல் கொடுத்தார். ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. எடுத்தெறிய வலையைக் கொண்டுபோனதும் சடக்கென்று எழுந்து ஓடியது! அப்படிச் சாய்ந்து கிடந்து ஓய்வெடுப்பது இம்மீனின் வழக்கமாம். வீடே சிரித்தது.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. வடிகட்டி நின்றது, தண்ணீர் குளிர்ந்தது. சில நாளில் மீன்களின் உடலெங்கும் ரவையைத் தூவியது போல் வெண்புள்ளிகள். பதறிப்போய் மருந்து வாங்கி, புட்டியில் எழுதியிருந்த முழு அளவையும் ஊற்றினேன். மறுநாள் காலை மூன்றும் சாய்ந்து கிடந்தன. உறங்குகின்றன என்று எண்ணிப் பள்ளிக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பியபோதும் அப்படியே கிடந்தன. இம்முறை அது உறக்கம் அன்று.

செய்த தவறுகளைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். கோமாளி அயிரையின் செதில்கள் மிக நுண்ணியவை. ஆகவே செம்பு, மாலகைட் பச்சை போன்றவை கலந்த மருந்துகளை அது எளிதில் தாங்காது. பாதி அளவே கொடுக்க வேண்டும் என்பர். வெண்புள்ளி நோயைத் தருவது ஓர் ஓரணு உயிரி. மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது முதிர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அவை நீரில் நீந்தி வரும்போதுதான் கொல்ல முடியும். வெப்பம் கூடினால் இந்தச் சுழற்சி விரைவாக முடியும். ஆதலால் நீரின் வெப்பத்தை இரண்டு நாளில் சிறிது சிறிதாக 30 டிகிரிக்கு உயர்த்தி, காற்றுக் குமிழ்களை மிகுதியாக்கி, இரண்டு வாரம் வைத்திருப்பதே முதல் மருத்துவம். சென்னை வெயிலூர்தான், ஆயினும் மார்கழி இரவில் வெப்பம் 21 டிகிரி அளவுக்கு இறங்கும். இம்மீனுக்கோ 25 முதல் 30 வேண்டும். இங்கும் ஹீட்டர் தேவை என்பதை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

அடுத்தது இடம். நாம் விரல் நீளத்தில் வாங்கும் இம்மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். தனியே இருந்தால் அஞ்சி ஒடுங்கும். ஐந்தாறாகக் கூடி வாழும் இனம். எனது இரண்டடித் தொட்டி பிடித்தது 56 லிட்டர். வளர்ந்த கூட்டத்துக்கு ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட தொட்டி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர் வேண்டும்! புதுத் தொட்டியில் கழிவை முறிக்கும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் இம்மீனை விடலாகாது. குளோரின் கலந்த லாரித் தண்ணீரை மருந்திட்டு முறிக்காமல் ஊற்றலாகாது. கண்ணுக்குக் கீழே மடங்கி நிமிரும் முள் ஒன்று இருப்பதால் வலையில் சிக்கிக்கொள்ளும். டப்பாவால் அள்ளுவதே நலம். மீசை தேயாதிருக்க மென்மணலும், ஒளிந்துகொள்ள மண்சட்டியும் வேண்டும். மழைக்காலத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்றும் கையிருப்பில் வேண்டும்.

“கடையில் வாங்கிய மீன்தானே, செத்தால் வேறொன்று வாங்கிக்கொள்” என்று நண்பர்கள் சிலர் கூறினர். இந்த எண்ணத்தைத்தான் நான் மறுக்கிறேன். கோமாளி அயிரை நம் வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிப்பதில்லை எனலாம். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஆயினும் நெடுங்காலமாக இவ்வணிகம் நம்பியிருந்தது ஆற்றில் பிடித்த குஞ்சுகளையே. நாம் கொன்று கொன்று வாங்கும் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் ஆறு கணக்குக் கொடுக்கிறது அன்றோ?

வேறு சிலர், வளர்ந்துவிட்ட மீனை ஏரியில் விட்டுவிடுவது புண்ணியம் என்கின்றனர். அது புண்ணியமன்று. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று தென்னமெரிக்காவிலிருந்து வந்த ‘டேங்க் கிளீனர்’ மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகியிருப்பதை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் நம் தொட்டியின் கழிவிடம் அல்ல.

ஆகவே என் கருத்து இதுதான். மீனை விற்பவர், அது எவ்வளவு வளரும் என்பதைத் தொட்டியின்மேல் எழுதிவைக்க வேண்டும். வாங்குபவர் விலையைக் கேட்கும்முன் அதைக் கேட்க வேண்டும். நம் விலங்கியல் துறை வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மாணவர் கொண்டுவரும் தொட்டி நீரைச் சோதித்துச் சொல்லலாம். வளர்க்க முடியாத பெரிய மீன்களை ஏற்றுக்கொள்ள ஒரு பெருந்தொட்டியும் அமைக்கலாம். பேராசிரியர்கள் இதனைக் கனிவுடன் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்போது என் இரண்டடித் தொட்டியில் ஆறு நாட்டு அயிரைகள் இருக்கின்றன. மணலில் புதைந்து முகத்தை மட்டும் நீட்டி எட்டிப்பார்க்கின்றன. வண்ணம் இல்லை, ஆனால் அந்த இடம் அவற்றுக்குப் போதும். கோமாளி அயிரைமேல் எனக்கு ஆசை தீர்ந்துவிடவில்லை. படித்து முடித்து, வேலைக்குப் போய், ஆறடித் தொட்டி வைக்க ஓர் இடமும் கிடைத்தபின் கொளத்தூருக்குப் போவேன். அதுவரை காத்திருப்பதே அந்த மூன்று மீன்களுக்கு நான் செலுத்தும் கடன்.